அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில், பாடாலூருக்கும் மங்கலமேட்டுக்கும் இடையே எங்கே விபத்து நடந்தாலும் சில நிமிடங்களில் ஆள் கூடிவிடும். டீக்கடையில் நிற்பவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், மக்காச்சோளக் கொல்லையில் வேலையாக இருந்தவர் என்று யாராவது ஓடி வந்துவிடுவார்கள். உதவ மனமில்லாத ஊர்கள் அல்ல இவை. ஆனாலும் அடிபட்டவர், அறுவைசிகிச்சை செய்ய வசதியுள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது சில சமயம் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம்கூட ஓடிப்போயிருக்கும். தூரம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தயக்கத்திலும், பயத்திலும், முதலில் தவறான வாசலுக்குப் போய்த் திரும்புவதிலும் கரையும் நேரம் அதைவிடக் குறைவில்லை என்பது என் எண்ணம். தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. மற்றதைக் குறைக்க முடியும்.

பெரம்பலூர், அரியலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களின் சாலைகளை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரம்பலூர் வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 38-ல் ஆம்னி பஸ்களும் கார்களும் பறக்கும். அதே சாலையைக் குறுக்கே கடந்துதான் ஊர்க்காரர்கள் கொல்லைக்கும் ரேஷன் கடைக்கும் போக வேண்டும். பெரம்பலூரிலிருந்து அரியலூர், கீழப்பழுவூர், திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் 136-ம் எண் சாலையில் நிலைமை வேறு. அரியலூர் சிமென்ட் ஆலைகளின் ஊர்; சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் இரவு பகல் பார்க்காமல் ஓடுகின்றன. ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் போகும் சாலையிலும் அப்படித்தான். அறுவடைக் காலத்தில் பல இடங்களில் பாதிச் சாலையில் சோளம் காயும். வண்டி ஏறிவிடக் கூடாதென்று சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். இருட்டில் பைக்கில் வருபவருக்கு அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டில் சாலை விபத்துகளில் 18,347 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது பேர். இவர்களில் எல்லோரையும் காப்பாற்றியிருக்க முடியாது. சில அடிகள் அந்த இடத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஆனால் நேரத்தோடு சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் ஒரு பெரும் பங்கு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘கோல்டன் ஹவர்’. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து அறுவைசிகிச்சை நிபுணர் ஆர். ஆடம்ஸ் கௌலி பரப்பிய கருத்து இது. நம் நாட்டில் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சட்டத்துக்குள்ளேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் 59-வது நிமிடம் வரை பத்திரம், 61-வது நிமிடம் கைவிட வேண்டியதுதான் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஒவ்வொரு காயத்துக்கும் ஒவ்வொரு கெடு இருக்கிறது. சிலவற்றுக்கு ஐந்து நிமிடம்தான்.

அந்த ஐந்து நிமிடக் கெடு மூச்சுக்கு. மயங்கி மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும். வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால் அதுவும் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். மூளைக்கு ஆக்சிஜன் நின்றுபோனால் நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் சேதம் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸும் அதற்குள் வந்து சேராது. அந்த உயிர் அப்போது பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கிறது. குறட்டை மாதிரியோ கொரகொரவென்றோ சத்தம் வந்தால் அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை, மூச்சுப் பாதை அடைபடுகிறது என்று அர்த்தம். வாயில் கண்ணுக்குத் தெரியும் ரத்தத்தைத் துணியால் துடைத்துவிட்டு, தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மரத்தடியை உருட்டுவதுபோல ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அசைக்கக் கூடாதே என்ற பயம் நியாயமானது. அதனால்தான் ஒரே கோடு. ஆனால் மூச்சு அடைபட்டிருக்கும்போது முதலில் மூச்சைத்தான் பார்க்க வேண்டும்.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். மூச்சு நன்றாக வருகிறது, பேசுகிறார் என்றால் விட்டுவிடுங்கள், ஆம்புலன்ஸில் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூச்சு திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கழற்றித்தான் ஆக வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் மெதுவாக உருவ வேண்டும். ஒரே ஆள் இழுத்துக் கழற்றக் கூடாது.

அடுத்து ரத்தம். பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு போனால் ரத்த அழுத்தம் சரிய ஆரம்பிக்கும். நாம் தரையில் சிந்திய ரத்தத்தை மட்டும் பார்க்கிறோம். தொடை எலும்பு முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம், ஒரு சொட்டுகூட வெளியே வராமல், தொடைச் சதைக்குள்ளேயே கசிந்து தேங்கிவிடலாம். இடுப்பெலும்பு நொறுங்கினால் அதைவிட அதிகம். வயிற்றில் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தால் வயிறே தொட்டியாகிவிடும். வெளியே ஒரு சிராய்ப்பு மட்டும் தெரியும். அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முகம் வெளுக்கும். கை கால் ஜில்லென்று ஆகி வியர்க்கும். நாடி வேகமாகவும் மெலிதாகவும் ஓடும். நிலைகொள்ளாமல் புரளுவார். ரொம்பத் தாகம் எடுக்கும்.

இந்தத் தாகத்தில்தான் நம் ஊர் நல்ல மனது தவறு செய்கிறது. “தண்ணி, தண்ணி” என்று அவர் கேட்பார். கூட்டத்தில் ஒருவர் பாட்டிலைத் திறப்பார். பெட்டிக்கடையிலிருந்து சோடா வரும். கொடுக்கக் கூடாது. நினைவு தடுமாறுபவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். நினைவோடு இருப்பவருக்குக்கூட, சற்று நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து அறுவைசிகிச்சை செய்ய வேண்டி வரலாம். வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கினால் அதுவே ஆபத்து. ஈரத்துணியால் உதட்டை நனைக்கலாம். கேட்கிறவரிடம் இல்லை என்று சொல்வது கொடுமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

வெளியே ரத்தம் பீறிட்டால் செய்ய வேண்டியது மிக எளிது, அதற்கான பொருளும் எங்கள் பக்கத்து ஆண்கள் தோளிலேயே கிடக்கிறது. துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி உடைந்து ஓடும். துண்டு நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொரு துணி. கையிலோ காலிலோ இப்படி அழுத்தியும் நிற்காத ரத்தப்போக்கு என்றால் மட்டும், காயத்துக்கு மேலே அகலமான துணியைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கலாம். மெல்லிய கயிறு, கம்பி கூடாது. எத்தனை மணிக்குக் கட்டினோம் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். காபித்தூள், மஞ்சள்தூள், மண் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். அவற்றைக் கழுவி எடுக்கவே ஆஸ்பத்திரியில் தனியாக நேரம் பிடிக்கும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு மருந்தே சாட்சி. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை, ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோடோ என்ற பெண் விஞ்ஞானி தன் கணவரோடு சேர்ந்து 1960-களில் கண்டுபிடித்தார். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் மருந்து. விலை மிகக் குறைவு. விபத்தில் ரத்தம் இழந்தவர்களுக்கு இது உதவுமா என்று 40 நாடுகளில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2010-ல் வெளியானது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பெரிய பங்கு வகித்தன. மருந்து உயிர்களைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தது. ஆனால் எப்போது கொடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் முக்கியமான செய்தி கிடைத்தது: முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களுக்குப் பலன் மிக அதிகம், மூன்று மணி நேரத்துக்குள் பலன் உண்டு, மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் பலனில்லை என்பதோடு, கெடுதலே செய்யக்கூடும். ஒரே மருந்து, ஒரே அளவு. மாறியது நேரம் மட்டுமே.

“ஒண்ணும் இல்லண்ணே, லேசான அடிதான்”

கால் முறிந்து கதறுபவரை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. கதறுவதே அவருக்கு ஒரு பாதுகாப்பு. என் கவலையெல்லாம் எழுந்து நடந்து போகிறவரைப் பற்றித்தான்.

பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். தலையில் ஹெல்மெட் இல்லை. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்றில் வண்டி தூக்கிப்போடுகிறது. பின்பக்கமாக விழுகிறார், பின்மண்டை தார்ச்சாலையில் மோதுகிறது. ஒரு நிமிடம் ஏதோ மங்கலாக இருக்கிறது. பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “ஒண்ணும் இல்ல, போலாம்” என்கிறார். ரத்தம் இல்லை. வண்டிக்கும் சேதமில்லை. வழியில் ஒரு கிளினிக்கில் டிடி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஊசி போட்டாச்சு என்ற நிம்மதி எல்லோருக்கும். சாயங்காலம் தலைவலி. ஒரு தடவை வாந்தி, பிறகு இன்னொரு தடவை. அசதியாக இருக்கும், தூங்கட்டும் என்று விடுகிறார்கள். விடிந்து எழுப்பினால் எழவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் கிழிந்து, மெதுவாகக் கசிந்த ரத்தம் எலும்புக்கும் மூளைக்கும் நடுவே தேங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. தேங்கும் ரத்தம் மூளையைத்தான் அமுக்க முடியும். அடிபட்ட உடனே சில நிமிடம் மயக்கம், பிறகு சில மணி நேரம் தெளிவு, அதன்பின் சரிவு. இந்தத் தெளிவான இடைவேளைதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. சி.டி. ஸ்கேன் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். நேரத்தோடு கண்டுபிடித்தால் மண்டையோட்டைத் திறந்து ரத்தக்கட்டியை அகற்றிவிடலாம். இப்படிப் பிழைத்தவர்களில் பலர் பழையபடி வேலைக்குத் திரும்புகிறார்கள். டிடி ஊசி மிகத் தேவையான ஊசி, ஆனால் அது ரணஜன்னி வராமல் தடுக்கத்தான். மண்டைக்குள் கசியும் ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே தலையில் அடிபட்டு, ஒரு கணமாவது நினைவு தப்பியிருந்தால் அன்றைக்கே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சு குழறுதல், கேட்டதையே மறுபடி கேட்பது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது — இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் விழுந்தால், மயக்கமே வராவிட்டாலும் காட்டுவது நல்லது. அவர்களுக்குச் சின்ன அடியிலும் கசிவு நிற்காது.

குடித்திருந்தவர் விஷயத்தில் நாம் செய்யும் அநியாயம் தனி. “போதை, தெளிஞ்சா எழுந்துக்குவான்” என்று திண்ணையில் படுக்கவைத்துவிடுகிறார்கள். போதையில் உளறுவதும் மூளை அமுக்கப்பட்டு உளறுவதும் பார்க்க ஒரேபோலத்தான் இருக்கும்; மருத்துவராலேயே ஸ்கேன் இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது. குடித்திருந்தார் என்பது அவரைச் சீக்கிரம் கொண்டுபோக இன்னொரு காரணம்.

வயிற்றிலும் இதே கதை உண்டு. பைக்கின் ஹேண்டில்பார் விலாவுக்குக் கீழே குத்தியிருந்தால், அன்று வலி பொறுக்கும்படிதான் இருக்கும். இடது தோளில் காரணமில்லாமல் வலி, வயிறு கல்போல இறுகுவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது ஆகியவை உள்ளே கசிவதற்கான அடையாளங்கள்.

எந்த வாசலுக்கு?

1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்று தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியே தொடங்கப்படவில்லை. இன்று தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 2008 செப்டம்பரிலிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. வசதி வந்துவிட்டது. அதை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதில்தான் நேரம் போகிறது.

வழக்கமாக நடப்பது இது: அடிபட்டவரைத் தூக்கி ஆட்டோவிலோ குட்டியானையிலோ போட்டு, கண்ணில் பட்ட முதல் சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒரு டிரிப் போட்டு, “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க” என்கிறார்கள். அதற்குள் முக்கால் மணி நேரம். அடுத்த இடத்தில் ஸ்கேன் இருக்கிறது, மூளை அறுவைசிகிச்சை நிபுணர் இல்லை. மறுபடி கைகாட்டல். அங்கே வாசலில் உறவினர்களுக்குள், திருச்சியா தஞ்சாவூரா, அரசா தனியாரா என்று விவாதம். பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர். ஆம்புலன்ஸுக்கு ஒரு மணி நேரம். விவாதத்துக்கும் சில சமயம் அதே ஒரு மணி நேரம் ஆகிறது.

முதல் வேலை 108-க்கு அழைப்பதுதான். அந்த வண்டியில் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது, கழுத்துப்பட்டையும் ஸ்ட்ரெச்சரும் இருக்கின்றன. எந்த ஆஸ்பத்திரியில் என்ன வசதி என்பது அவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே தகவலும் சொல்லிவிடுவார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வருபவர்களைக் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. தகவல் முன்பே போயிருந்தால் சிவப்புப் பகுதியில் ஆட்கள் தயாராக நிற்பார்கள். அழைக்கும்போது பதற்றத்தில் “பெரம்பலூர் பக்கம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சாலையின் பெயர், எந்த ஊரைத் தாண்டி, எந்தப் பக்கம் போகும் வழியில், அருகிலிருக்கும் கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேர், யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். நான்குவழிச் சாலையில் திருச்சி போகும் பக்கமா சென்னை போகும் பக்கமா என்பது மிக முக்கியம். தவறினால் ஆம்புலன்ஸ் அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் இருக்கிறது.

வழியில் சின்ன ஆஸ்பத்திரியில் நிறுத்தவே கூடாதா? மூச்சு நின்றுபோகும் நிலை, அழுத்தியும் அடங்காத ரத்தப்போக்கு — இந்த இரண்டுக்கும் அருகிலுள்ள எந்த மருத்துவரும் கடவுள்தான், நிறுத்துங்கள். மற்றபடி, தலைக்காயம், வயிற்றுக்காயம், தொடை, இடுப்பு முறிவு என்றால் ஸ்கேன், அறுவைசிகிச்சை நிபுணர், ரத்த வங்கி மூன்றும் உள்ள இடத்துக்கு நேராகப் போவதே நல்லது. இன்னொன்று: வீட்டுக்காரர்கள் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆபரேஷன் என்று எண்ணிப் பலர் காத்திருக்கிறார்கள். உயிர் போகும் நிலையில், நோயாளி பேச முடியாதபோது, உறவினர் சம்மதம் இல்லாமலே உயிர்காக்கும் சிகிச்சையை மருத்துவர் செய்யலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. உறவினருக்குச் சொல்லியனுப்புங்கள், ஆனால் அவர்கள் நேராக ஆஸ்பத்திரிக்கு வரட்டும், விபத்து நடந்த இடத்துக்கு அல்ல.

முறிந்த எலும்புக்குப் புத்தூர் கட்டு, நாட்டு வைத்தியர் கட்டு என்று போவது எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. சாதாரண முறிவு அதில் கூடிவிடுவதைப் பார்த்தவர்களிடம் நான் சண்டை போட விரும்பவில்லை. ஆனால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தால், அது உடனே கழுவிச் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டிய காயம். குழந்தை மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்தால் இன்னும் கவனம். அங்கே வீக்கத்தின்மேல் மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினால் கைக்குப் போகும் ரத்தம் தடைபடும். விரல் வெளுத்து, மரத்து, விரலை நீட்டினாலே குழந்தை அலறினால் கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் முன்கைச் சதை செத்து, விரல்கள் மடங்கியபடியே வாழ்நாள் முழுக்க நின்றுவிடும்.

கதிரடிக்கும் மிஷினில் விரல் துண்டானாலும் அதை எறிந்துவிடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் சதை வெந்துபோகும்.

கேஸ், காசு: இரண்டு பயம்

“தூக்கிட்டுப் போனா கேஸ்ல நம்மளையும் சேர்த்துடுவாங்க.” இந்த ஒரு வாக்கியம் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறதோ தெரியாது. ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. கார் மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, போலீஸ் கேஸ் என்பதால் இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், வழியிலேயே இறந்தார். அந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், 1989-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகு. எப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது. போலீசுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை, உங்கள் வேலை அல்ல.

தூக்கிக்கொண்டு வந்தவருக்கான பாதுகாப்பு 2016-ல் உச்ச நீதிமன்றத்தாலும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாலும் உறுதியானது. 2020-ல் விதிகளும் வந்தன. உதவியவர் தன் பெயர், முகவரியைச் சொல்ல வேண்டுமென்று போலீசோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வது அவர் விருப்பம். நல்லெண்ணத்தோடு உதவும்போது ஏதாவது தவறு நேர்ந்தாலும் அவர்மீது வழக்கு கிடையாது. பணம் கட்டச் சொல்லவும் முடியாது. கடுமையாக அடிபட்டவரைப் பொன்னான நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு மத்திய அரசு 2021-ல் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. 2025-ல் அதை 25,000 ரூபாயாக உயர்த்தியது.

அடுத்த பயம் காசு. இதற்குத் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனையானாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையானாலும் இதே விதிதான். தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை; பிறகு வரம்பை இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். காப்பீட்டு அட்டை இருக்க வேண்டியதில்லை. ரேஷன் கார்டும் வேண்டாம். சிமென்ட் லாரி ஓட்டிவரும் வடமாநிலத்துக்காரராக இருந்தாலும், வெளிநாட்டுக்காரராக இருந்தாலும் கிடைக்கும். ஆகவே சேர்க்கும்போது “நம்மைக் காக்கும் 48-ல போடுங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நாடு முழுக்க இப்படியொன்று வந்ததில் ஒரு கோயம்புத்தூர்க்காரருக்குப் பங்குண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கு இன்றும் பேசப்படுகிறது. பொன்னான நேரத்தில் பணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் வகுக்கும்படி மத்திய அரசுக்கு 2025 ஜனவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது அந்த வழக்கில்தான். அந்த ஆண்டு மே மாதம் திட்டம் அறிவிக்கப்பட்டது: ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை.

ஆஸ்பத்திரியில் முதல் பத்து நிமிடத்தில் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். விபத்துப் பதிவேடு, ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். எப்படி அடிபட்டது, எங்கே, எந்த வண்டி, யார் கொண்டுவந்தார்கள் என்று அதில் இருக்கும். கேஸ் வேண்டாம் என்று நினைத்து, லாரி மோதியதை “தானே வழுக்கி விழுந்துட்டார்” என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு இழப்பீட்டுக்காகத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான். சிகிச்சைக்கும் அந்தப் பொய் கெடுதல்: வேகமாக வந்த வண்டி மோதினால் மருத்துவர் வயிற்றையும் இடுப்பையும் தேடிப் பார்ப்பார், வழுக்கி விழுந்தவருக்கு அவ்வளவு பார்க்க மாட்டார்.

கூட வந்தவர் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றை அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. விபத்து நடந்தபோது மணி என்ன? அந்த மூன்று மணி நேர மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் இதை வைத்துத்தான் தீர்மானிப்பார். இடையில் நினைவு தப்பினாரா, எவ்வளவு நேரம்? வாந்தி எடுத்தாரா? வலிப்பு வந்ததா? கடைசியாக எப்போது சாப்பிட்டார், யாராவது தண்ணீர் கொடுத்தார்களா? சர்க்கரை, இதயம், ரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்டா? பெண் என்றால் கர்ப்பமா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். சட்டைப்பையில் கிடந்த மாத்திரை அட்டையையும் செல்போனையும் நர்ஸிடம் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரைச் சொல்லாமலேயே வீட்டுக்குப் போகலாம்.